நீலச் சீட்டுக்கு நெஞ்சு கிடையாது

என் தம்பி இளவரசுக்குத் தினமும் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு கொடுத்தவன் நான்தான். இதை 2009-ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரியில் மூன்று பேரிடம் ஒப்புக்கொண்டேன். ஒருவர் படிவத்தில் ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். ஒருவர் ஆறுதல் சொன்னார். ஒருவர் எனக்கு மாட்டியிருந்த ஒயர்களைக் கழற்றிவிட்டார். தப்புப் பண்ணுவது ஒன்றும் பெரிய வேலையில்லை, அதை ஒப்புக்கொள்வதற்குத்தான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

என் பெயர் கொளஞ்சியப்பன். திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் ஒரு முக்காலி போட்டு இளவரசு உட்கார்ந்திருப்பான். விற்ற பாத்திரத்தில் மிஷினால் பேர் வெட்டிக் கொடுப்பது அவன் வேலை. ஞானாம்பாள் என்று வெட்டச் சொன்னால் ‘ஞா’வின் சுழியை அவன் இழுக்கிற அழகுக்காகவே மஞ்சக்குப்பத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அவன் கணக்கு வாத்தியாராக இருந்தவன். கரும்பலகைக்குப் பின்னாலிருந்து யாரோ விடையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள் என்று ஒருநாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை.

சிதம்பரத்து டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஆரம்பத்தில் துப்பினான். அதனால் நான் காலைக் காபியில் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒன்பது வருஷமாக அப்படித்தான். எங்கள் வீட்டில் கரண்டி முதல் அண்டா வரை எல்லாவற்றிலும் பேர் இருக்கும். பேர் இல்லாத ஒரே பாத்திரம் அவன் காபி டம்ளர். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல் பண்ணி எனக்கு மட்டும் அடையாளம் வைத்திருந்தேன். மாத்திரை அவனுக்கு நன்றாகவே கேட்டது. கரும்பலகைக்காரன் எப்போதாவது வருவான், சீக்கிரம் போய்விடுவான்.

தப்பு என் மகள் சத்யப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தபோது ஆரம்பித்தது. முதலில் வந்தவர்கள் பண்ருட்டிக்காரர்கள். வீட்டுத் தட்டெல்லாம் பழசு என்று கடையிலிருந்து புதுத் தட்டு எடுத்து வந்து கேசரி வைத்திருந்தேன். இளவரசு மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், “பாத்துத் தின்னுங்க, இதெல்லாம் நாளைக்குக் கடைக்குப் போயிரும். கீறல் வுழுந்தா விக்க முடியாது” என்று சொன்னான். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆனி மாதம் நெய்வேலிக்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள். மெடிக்கல் கடையில் பழைய சீட்டைக் காட்டித் தனியாக மாத்திரை வாங்கினேன். பத்து நாளைக்கு மட்டும் இரண்டாகக் கரைப்போம், வந்து போகிறவரைக்கும் பேசாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். இருந்தான். மாப்பிள்ளையின் அப்பா, பெண்ணின் சித்தப்பா ரொம்ப அமைதியான மனுஷர் என்று புகழ்ந்துவிட்டுத் தை மாதத்தில் கல்யாணம் என்று தட்டு மாற்றிக்கொண்டார். பத்து நாள் முடிந்தது. அவன் அமைதி எனக்குப் பழகிவிட்டது. ஆடி போனது, ஆவணி போனது. நான் இரண்டாகவே கரைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பொன்னிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் டம்ளரை என் தலையில் கவிழ்த்திருப்பாள்.

புரட்டாசியில் ஒருநாள் இளவரசு மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னான்: “ண்ணா, நெஞ்சுக்குள்ள ஒருத்தன் படி ஏறுறான். ஏறுறப்ப நடுவுல ஒரு படிய வுட்டுட்டு ஏறுறான்.”

நான் அவனை டீ குடிக்கச் சொன்னேன். கரும்பலகைக்காரன் நெஞ்சுக்கு மாறிவிட்டான் என்று நினைத்தேன். மறுவாரம் ஒரு கல்யாணக் குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். குடத்தில் ‘தைலம்’ வரை ஒழுங்காக இருந்தது. ‘மாள்’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு கீழ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தான்.

மறுநாள் விடிந்ததும் அவனைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போதே தீர்மானம் பண்ணிவிட்டேன், எது எப்படிப் போனாலும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று.

நாங்கள் போகிற இடத்துக்கு முழுமனித நல மருத்துவமனை என்று பெயர். சிதம்பரத்தை விட்டுக் கிள்ளை போகிற சாலையில் இருக்கிறது. மனிதனை உடம்பு வேறு மனசு வேறு என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது அதை ஆரம்பித்தவரின் கொள்கை. அந்தக் கொள்கையை நிறைவேற்ற இருபத்திரண்டு துறைகள் வைத்திருந்தார்கள். உடம்புக்காரர்களுக்கு வெள்ளைச் சீட்டு, மனசுக்காரர்களுக்கு நீலச் சீட்டு. காலை எட்டரை மணிக்கு எல்லோரும் எழுந்து வலது கையை நெஞ்சில் வைத்து, ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல, “நான் ஒரு முழு மனிதன், என் உடலும் மனமும் ஒன்று” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீலச் சீட்டுக்காரர்கள் இடது பக்கமும் வெள்ளைச் சீட்டுக்காரர்கள் வலது பக்கமும் போய் உட்கார வேண்டும். உறுதிமொழி முடிந்தும் இளவரசு நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. இப்போதுகூட ஒரு படியை விட்டுவிட்டான் என்று மெதுவாகச் சொன்னான்.

பதிவு ஜன்னலில் ஆரோக்கியராஜ் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர். நெஞ்சு சரியில்லை, வெள்ளைச் சீட்டு வேண்டும் என்று கேட்டேன். நீலச் சீட்டு ஒரு தடவை கொடுத்தால் ஆயுசுக்கும் அதுதான், கால் முறிந்தாலும் முதலில் மனநலத் துறைதான் பார்க்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு படிவத்தை எடுத்து, நோயாளி மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார்.

“சார், தப்பு எம்மேலதான். ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு குடுத்துட்டேன். மூணு மாசமா.”

“சாப்புட்டாரா?”

“சாப்புட்டான்.”

“அப்ப ‘ஆம்’தான சார்?” என்று டிக் அடித்தார். அதில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. என்னுடைய பாவத்துக்கு மூன்றாவது கட்டம் போட்டிருக்கவில்லை.

மனநலத் துறை மாடியில். லிப்ட் வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள்: ‘வெள்ளைச் சீட்டு மட்டும். மனநலப் பயனாளிகள் படிக்கட்டைப் பயன்படுத்தவும். உடற்பயிற்சி மனதுக்கு நல்லது.’ இளவரசு முப்பத்தாறு படி ஏறினான். நான்கு இடத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தேன்.

டாக்டர் ராஜமாணிக்கம் துறைத் தலைவர். சுற்றி ஏழெட்டு மாணவர்களை வைத்துக்கொண்டுதான் நோயாளியைப் பார்ப்பார். இளவரசு படி ஏறுகிறவனைப் பற்றிச் சொன்னான். டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஏறுவது ஆணா பெண்ணா, பேசுவானா, கட்டளை ஏதாவது போடுவானா என்று வரிசையாகக் கேட்டார்.

“ஆளெல்லாம் இல்ல சார். நெஞ்சுதான் அப்டி அடிக்குது. நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்” என்றான் இளவரசு.

டாக்டர் மாணவர்கள் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளுங்கள், ஆள் இருப்பதை மறுக்கிறார் என்றார். ஏழெட்டுப் பேனாவும் எழுதின.

நான் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பார்த்தது, கேசரி, இரண்டு மாத்திரை, மூன்று மாதம். டாக்டர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

“எல்லாரும் நல்லா கவனிங்க. இதுக்குப் பேரு பராமரிப்பாளர் குற்ற உணர்ச்சி. பாடத்துல படிச்சிருப்பீங்க, இப்ப நேர்ல பாருங்க. இவரு ஒரு தப்பும் பண்ணல. பண்ணிட்டதா நெனைக்கிறாரு.”

“பண்ணியிருக்கேன் சார். மெடிக்கல்ல தனியா வாங்குனேன். பில்லு பையில இருக்குது.”

“பில்லு வரைக்கும் பத்திரமா வச்சிருக்காரு பாருங்க. எவ்ளோ ஆழமா இறங்கியிருக்குது. அய்யா, நான் இருபத்தாறு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். நோயாளி சொல்றத நான் நம்புறதில்ல, கூட வர்றவங்க சொல்றதையும் நம்புறதில்ல. அதனாலதான் இதுவரைக்கும் நான் தப்பா கணிச்சதே இல்ல.”

மாணவர்கள் கை தட்டினார்கள். ‘உங்களை நீங்களே மன்னியுங்கள்’ என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிஷம் எனக்குச் சுகமாக இருந்தது. அவ்வளவு பெரிய டாக்டர், என் தோளில் கை வைத்து, நீ ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லும்போது நம்பத்தான் மனம் வருகிறது. திரும்பிப் பார்த்தேன். இளவரசுவின் உதடு வெளுத்திருந்தது. புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவனை இறக்கிக் கூட்டிக்கொண்டு இதயத் துறைக்கு ஓடினேன்.

இதயத் துறையில் டாக்டர் சுப்பராயலு. நான் நீட்டிய சீட்டின் நிறத்தைப் பார்த்தார். அதற்கு மேல் என்னையும் பார்க்கவில்லை, என் தோளில் சாய்ந்து நின்றவனையும் பார்க்கவில்லை.

“நீலச் சீட்டுல வர்றது நெஞ்சுவலி கெடையாதுங்க. நெஞ்சுவலின்னு ஒரு நெனப்பு. நெனப்புக்கெல்லாம் ஈ.சி.ஜி. எடுத்தா, நெஜமா நெஞ்சு இருக்கறவங்க எங்க போவாங்க?”

மறுபடியும் ஆரோக்கியராஜிடம் போய் நின்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். எனக்குச் சீட்டே கிடையாது. என் பேரில் புதிதாக ஒரு வெள்ளைச் சீட்டு போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், அதை வைத்துத் தம்பிக்கு எடுத்துவிடலாம் என்றார். ஆண்பால், வயது ஐம்பத்தொன்று என்று எழுதினார். இளவரசு மட்டும் தயங்கினான். வேற ஆள் பேரை வெட்டினால் பாத்திரம் திரும்பி வருமே என்று கேட்டான். இது பாத்திரம் இல்லை என்று அதட்டினேன்.

ஈ.சி.ஜி. அறையில் பிரிசில்லா என்று ஒரு நர்ஸ். வெள்ளைச் சீட்டைப் பார்த்தார், இளவரசுவின் வயதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார். காகிதம் வெளியே வர வர அவர் முகம் மாறியது. ஓடிப்போய் டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அத்தோடு அவர் வேலை நேரம் முடிந்தது, பஸ்ஸுக்குப் போய்விட்டார். அது யாருடைய நெஞ்சு என்று இதயத் துறையில் தெரிந்த ஒரே ஆளும் அப்படிப் போனது எங்கள் நேரம்.

டாக்டர் சுப்பராயலு காகிதத்தோடு வெளியே வந்து, கொளஞ்சியப்பன் யார் என்று சத்தமாகக் கேட்டார்.

ஐம்பத்தொரு வருஷப் பழக்கம். நான்தான் என்று எழுந்து நின்றேன்.

இரண்டு பேர் என்னை அப்படியே பிடித்துச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாயைத் திறந்தேன். பேசக் கூடாது, பேசினால் நெஞ்சு நின்றுவிடும் என்றார்கள். லிப்டில் ஏற்றினார்கள். அந்த லிப்டில் போன முதல் ஆரோக்கியமான மனுஷன் நானாகத்தான் இருப்பேன். கட்டிலில் கிடத்தி, உடம்பெல்லாம் ஒயர் மாட்டி, மூக்கில் குழாய் வைத்தார்கள். கூட வந்தவர் நிற்கக் கூடாது என்று இளவரசுவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒன்பது வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில் அவனுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை.

அவன் கையில் சீட்டு இல்லை. ஆகையால் அவன் சொன்னதை டாக்டர் கேட்டார்.

“உங்க அண்ணனுக்கு நெஞ்சுத் தாளம் தப்புது சார். எப்ப வேணா நின்னு போற மாதிரி இருக்குது. அவரு வேற என்ன மாத்திரை சாப்புடறாரு?”

இளவரசு மாத்திரையின் பேரைச் சொன்னான். எத்தனை மில்லிகிராம் என்று சொன்னான். அந்த அட்டையை நான் அவன் கண்ணில் காட்டியதே இல்லை.

“காலையில காப்பியில கரைச்சுக் குடுக்கறது சார். ஒம்போது வருஷமா ஒண்ணு. ஆனி மாசம் அஞ்சாந் தேதியிலேர்ந்து ரெண்டு. படி தாண்டுறது ஆவணி கடைசியிலேர்ந்து. மயக்கம் நேத்து காலையில, பத்தே கால் மணிக்கு.”

டாக்டர் அசந்துபோனார். இவ்வளவு தெளிவாக விவரம் சொல்கிற உறவினரைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். இந்த மாத்திரை அளவுக்கு மேல் போனால் நெஞ்சைப் பாதிக்கும், படம் எடுத்துப் பார்க்காமல் கூட்டவே கூடாது, இரண்டு கொடுத்தவன் எவனோ அறிவுகெட்டவன் என்றார். இளவரசு என் பக்கம் திரும்பவில்லை. இனிமேல் பழையபடி ஒன்று மட்டும், பத்து நாளில் மறுபடியும் படம் என்று எழுதிக் கொடுத்து, பொறுப்பாளர் என்ற இடத்தில் அவனிடம் கையெழுத்து வாங்கினார்.

அதற்கு மேல் என்னால் படுத்திருக்க முடியவில்லை. மூக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டு எழுந்தேன். “டாக்டர், அது என் நெஞ்சு இல்ல. அவன் நெஞ்சு. அந்த மாத்திரைய அவனுக்குக் குடுத்த அறிவுகெட்டவன் நான்தான்.”

டாக்டர் சுப்பராயலு என்னை உற்றுப் பார்த்தார். தன் நெஞ்சு தம்பியிடம் இருப்பதாகச் சொல்கிறார் என்று மனநலத் துறைக்குப் போன் போட்டார்.

டாக்டர் ராஜமாணிக்கம் மாணவர்களோடு வந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். காலையில் குற்ற உணர்ச்சி, பிற்பகலில் அடையாளக் குழப்பம், நோய் எவ்வளவு வேகமாக முற்றுகிறது பாருங்கள் என்று காட்டினார். எனக்கு ஒரு நீலச் சீட்டு எழுதினார்கள். சீட்டு நீலமானதும் டாக்டர் சுப்பராயலு வந்து ஒயர்களைக் கழற்றிவிட்டார். ஈ.சி.ஜி. காகிதத்தின் மேல் ‘நினைப்பு’ என்று எழுதிக் கோப்பில் வைத்தார். அந்த ஆஸ்பத்திரியின் கணக்குப்படி அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே நெஞ்சில் ஒரு கோளாறும் கிடையாது. பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு இளவரசு என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினான். படிக்கட்டில்தான் இறங்கினோம்.

பஸ்ஸில் அவனுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. அப்புறம், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“டம்ளர் அடியில வெள்ளையா நிக்கும்ணா. ஒண்ணா இருந்தா ஒரு மாதிரி, ரெண்டா இருந்தா ஒரு மாதிரி. அட்டையத்தான் நீ குப்பையில போடுற.”

“தெரிஞ்சும் ஏன்டா குடிச்ச?”

“சத்யா கல்யாணம் இல்ல?” என்றான். ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி வெளியே பார்த்துக்கொண்டான்.

அன்றைக்கே பொன்னியிடம் சொன்னேன். அவள் டிக் அடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் நெய்வேலிக்கு அவளே போன் போட்டு, கொழுந்தனாருக்கு மனசு சரியில்லாமல் இருந்தது, மாத்திரை சாப்பிடுகிறார், சில நேரம் மனசில் பட்டதைப் பேசிவிடுவார் என்று சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அத்தை உண்டு, இதையெல்லாம் யாராவது மறைப்பார்களா என்று கேட்டாராம். கல்யாணத் தேதி மாறவில்லை. இரண்டாவது மாத்திரைக்கு அவசியமே இருந்திருக்கவில்லை. அந்த போனைப் பொன்னி வைத்த பிறகு நான் கடைக்குப் போகவில்லை, கொல்லைப்புறம் போய் உட்கார்ந்திருந்தேன்.

பத்தாம் நாள் கடலூரிலேயே ஒரு சின்ன கிளினிக்கில், சீட்டுக்கு நிறம் இல்லாத இடத்தில், இளவரசுவின் பேரிலேயே படம் எடுத்தோம். நெஞ்சு படி தாண்டாமல் ஏறிக்கொண்டிருந்தது. சிதம்பரத்திலிருந்து எனக்கு மட்டும் மாதா மாதம் கடிதம் வருகிறது. நீலச் சீட்டு எண் போட்டு, நலமா என்று கேட்கிறார்கள்.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று மாலை இளவரசு மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்து மிஷினைப் போட்டான். எந்தக் குடத்தை எடுத்தான் என்று நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை காபி கலக்கப் போனபோதுதான் பார்த்தேன். விளிம்பு நசுங்கிய அந்த டம்ளரில், அவனுடைய அழகான கையெழுத்தில், மூன்று வரி வெட்டியிருந்தது:

இளவரசு
ஒன்று மட்டும்
உபயம்: அண்ணன்

பாலிஷ் போட்டால் போய்விடும், எடுத்துக்கொண்டு போங்கள் என்று பொன்னி சொன்னாள். பாலிஷ் பட்டறை எங்கள் கடைக்கு எதிரிலேயே இருக்கிறது. நான் இதுவரை எடுத்துக்கொண்டு போகவில்லை.